குடல் குழம்பு கிளப்பிய கேள்வி

அன்புள்ள வாசகிக்கு,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிப்பதாக எழுதியிருக்கிறாய், அதனால் ஒருமையிலேயே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குடல் குழம்பு. தட்டில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தபோது உனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. ஆட்டின் வயிற்றை நம் வயிறு நாலு மணி நேரத்தில் கூழாக்கி அனுப்பிவிடுகிறது. நம் வயிறும் அதே மாதிரி சதையும் சவ்வும்தானே, அது ஏன் தன்னையே கூழாக்கிக்கொள்வதில்லை? வகுப்பில் கேட்டதற்கு, "அது பரீட்சைக்கு வராது, உட்காரு" என்று பதில் வந்ததாம். பரீட்சைக்கு வராதுதான். ஆனால் இரைப்பையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று யாராவது எனக்கு உத்தரவு போட்டால் நானும் இதைத்தான் கேட்பேன். மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் கற்பித்த காலத்தில், முதலாண்டுப் பிள்ளைகளில் யாராவது இதைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருப்பேன். பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார்கள்.

அப்பாவைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். லாரி ஓட்டுகிறவர். நடுராத்திரியில் மேல்வயிறு எரிந்து எழுந்து உட்காருகிறார். இரண்டு பிஸ்கட்டும் ஒரு டம்ளர் பாலும் உள்ளே போனால் அடங்குகிறது. "வேளாவேளைக்குத் திங்காம வயித்தைக் காயப்போட்டா புண்ணாகாம என்ன செய்யும்?" என்று அப்பாயி திட்டுகிறார். அவர் சொல்வது சரியா என்று கேட்கிறாய். இரண்டுக்கும் 1, 2 என்று எண் போட்டுத் தனித்தனியாக எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது.

முதலில் அந்த ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கறிக்கடையில் போட்டி என்று கொடுப்பதில் பெரும்பகுதி ஆட்டு வயிற்றின் முதல் அறை. ஆட்டுக்கு வயிற்றில் நான்கு அறைகள். முதல் மூன்றில் அமிலம் சுரக்காது. தழையையும் புல்லையும் அங்கே நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. நான்காவது அறைதான் நம் இரைப்பைக்கு இணை. ஆக, நீ கையில் எடுத்த துண்டு தன் வாழ்நாளில் இரைப்பை அமிலத்தையே பார்த்திருக்காது. அதனால் உன் கேள்வி பழுதாகிவிடவில்லை. நான்காவது அறையைச் சமைத்துத் தின்றாலும் அதுவும் செரித்துத்தான் போகும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் ஜான் ஹண்டர் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். பிணங்களை அறுத்துப் பார்ப்பதில் அந்தக் காலத்தில் அவருக்கு ஈடானவர்கள் குறைவு. சில பிணங்களில் இரைப்பையின் சுவர் கரைந்து ஓட்டை விழுந்து, உள்ளே இருந்ததெல்லாம் வயிற்றறைக்குள் கொட்டிக் கிடப்பதை அவர் கண்டார். ஏதோ நோய் அரித்த ஓட்டை என்றுதான் பார்த்தவர்கள் நினைப்பார்கள். ஹண்டர் கவனித்தது வேறு. நல்ல உடம்போடு இருந்து, வயிறாரச் சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் அடிபட்டோ வேறு விதமாகவோ திடீரென்று செத்தவர்களிடம்தான் இது தெளிவாகத் தெரிந்தது. உயிர் போனதும் இரைப்பை தன் சாற்றில் தானே கரையத் தொடங்கிவிடுகிறது என்று 1772இல் ராயல் சொசைட்டிக்கு எழுதினார்.

அப்படியானால் உன் கேள்வியில் பாதிக்கு அங்கேயே பதில் வந்துவிட்டது. இரைப்பையின் சதை செரிக்கக்கூடிய சதைதான். செத்தால் செரிக்கிறது. உயிரோடு இருக்கும்போது எது காப்பாற்றுகிறது என்பதே மிச்சம். 'உயிர்ச்சக்தி' என்றார் ஹண்டர். உயிருள்ள எதையும் இரைப்பைச் சாறு தொடாது என்பது அவர் எண்ணம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் உயிரோடு இருப்பதால் செரிப்பதில்லை என்று சொல்வது கேள்வியையே பதிலாகத் திருப்பித் தருவதுதான்.

இதை உடைத்தவர் பிரான்சின் கிளாட் பெர்னார். நாயின் இரைப்பைக்குள் வெளியிலிருந்து ஒரு துளை வைத்து, அதன் வழியே உயிருள்ள தவளையின் பின்னங்கால்களை நுழைத்தார். தவளை உயிரோடு இருந்தது. கால்கள் கரைந்தன. 1863இல் இங்கிலாந்தின் பேவி, உயிருள்ள முயலின் காதை இதே போல் நுழைத்துப் பார்த்தார். காதும் அரிக்கப்பட்டது. படிக்கவே கூசுகிற சோதனைகள்; இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் முடிவில் சந்தேகத்துக்கு இடமில்லை. உயிர் மட்டும் கவசமாகாது. தவளையின் காலுக்கும் முயலின் காதுக்கும் இல்லாத ஏதோ ஓர் ஏற்பாடு இரைப்பைக்கு இருக்கிறது. சுவருக்குள் ஓடும் இரத்தம் காரத்தன்மை கொண்டது, அதுதான் அமிலத்தை முறிக்கிறது என்று பேவி ஊகித்தார். அவர் பெயரை இப்போது யாரும் சொல்வதில்லை. ஆனால் பாதி சரியாகச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரைப்பையில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்று லண்டன் மருத்துவர் வில்லியம் புரௌட் 1824இல் அச்சேற்றினார். பள்ளி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிப் புட்டியில் தொடாதே என்று எழுதி வைத்திருப்பார்களே, அதே அமிலம், நீர்த்த நிலையில். ஒரு நாளைக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் இரைப்பைச் சாறு சுரக்கிறது. அமிலம் சுரக்கும் பெரைட்டல் செல்களை விட்டு வெளியே வரும் அமிலத்தில் ஹைட்ரஜன் அயனிகளின் அடர்த்தி இரத்தத்தில் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். உடம்பில் வேறு எந்த இடத்திலும் இவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது. அப்படியானால் அந்தச் செல் எப்படிப் பிழைக்கிறது? அமிலத்தை அது தனக்குள் வைத்துக்கொள்வதே இல்லை. சிவகாசியில் பட்டாசு மருந்துகளைக் கலந்து குவித்து வைக்கக்கூடாது, தேவைக்குத் தகுந்தபடி அவ்வப்போதுதான் கலக்க வேண்டும் என்பார்கள் இல்லையா, அந்த ஒழுங்கு இங்கே உண்டு. ஹைட்ரஜன் அயனியைச் செல்லின் விளிம்பில் இருக்கும் ஒரு பம்ப், ஏடிபியைச் செலவழித்து வெளியே தள்ளுகிறது. குளோரைடு வேறு வழியாக வெளியேறுகிறது. இரண்டும் சேர்ந்து அமிலமாவது செல்லுக்கு வெளியில்.

பெப்சினும் அப்படித்தான். புரதத்தை வெட்டும் இந்த நொதியை 1836இல் கண்டவர் தியோடோர் ஷ்வான், உன் பாடத்தில் செல் கொள்கையில் வருகிற அதே ஷ்வான். சுரக்கும் செல்லுக்குள் அது பெப்சினோஜென் என்ற உறங்கும் வடிவத்தில் இருக்கிறது. வெளியே வந்து அமிலத்தைத் தொட்ட பிறகுதான் தன்னைப் போர்த்தியிருந்த துண்டை வெட்டிக்கொண்டு பெப்சினாகிறது. அமிலம் இல்லாவிட்டால் பெப்சினுக்கு வேலை ஓடாது.

அடுத்தது சுவர். அதன் மேல் வழுவழுப்பான ஒரு சளிப்படலம். தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. இந்தப் படலத்துக்குள் கீழிருக்கும் செல்கள் பைகார்பனேட்டைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. மேலிருந்து இறங்கும் அமிலம் படலத்தைக் கடக்கும் வழியிலேயே முறிந்துபோகிறது. படலத்தின் மேல்புறம் பி.எச். 1 அல்லது 2. அடிப்புறத்தில் செல்லைத் தொடும் இடத்தில் ஏறக்குறைய 7. ஒரு தாளின் தடிமன் அளவுக்குள் இவ்வளவும் நடக்கிறது. இதற்கான பைகார்பனேட் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பெரைட்டல் செல் ஒவ்வொரு ஹைட்ரஜன் அயனியை இரைப்பைக்குள் தள்ளும்போதும், ஒரு பைகார்பனேட்டை முதுகுப்புறமாக இரத்தத்தில் விடுகிறது. அந்த இரத்தம் மேற்பரப்புச் செல்களை நோக்கித்தான் ஏறிப் போகிறது. அமிலத்தைச் செய்கிற செல்லே முறிமருந்தையும் அனுப்பி வைக்கிறது. பேவி பாதி சரி என்றேனே, அது இதுதான்.

அந்தச் சளிப்படலமும் நிலையானதில்லை. பெப்சின் மேலிருந்து அதை மென்று தின்றுகொண்டே இருக்கிறது; செல்கள் கீழிருந்து புதிதாக ஊறவைத்துக்கொண்டே இருக்கின்றன. செல்களே நிலையில்லை. இரைப்பையின் மேற்பரப்புச் செல்கள் ஒரு வாரத்துக்குள் முழுதாக மாறிவிடுகின்றன. நீ கடிதத்தைத் தபாலில் போட்ட அன்று இருந்த செல்கள், நான் பதில் எழுதும் இன்று உன் வயிற்றில் இல்லை. எங்காவது சின்னதாகக் கீறினால், பக்கத்துச் செல்கள் கால் நீட்டி நகர்ந்து வந்து சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் அந்த இடத்தை மூடிவிடுகின்றன. இத்தனைக்கும் இரத்த ஓட்டம் வேண்டும். செத்த உடம்பில் இரத்தம் நின்றது, பைகார்பனேட் நின்றது, சளி ஊறுவது நின்றது, ஆனால் ஏற்கெனவே சுரந்த அமிலமும் பெப்சினும் அப்படியே கிடந்தன. ஹண்டர் கண்ட ஓட்டை அதனால் வந்தது.

ஆகவே, இரைப்பைச் சுவர் செரிக்காத பொருளால் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு நிமிடமும் அரிக்கப்படுகிறது, ஒவ்வொரு நிமிடமும் சீர் செய்யப்படுகிறது. சீர் செய்யும் வேலை எங்கே தடைபடுகிறதோ அங்கே புண். அப்பாவுக்கு வந்திருப்பது அல்சர்தான் என்றால், கேட்க வேண்டியது அந்த வேலையைத் தடுத்தது யார் என்று.

அப்பாயியின் பதில்: பசி. அதைச் சோதித்துப் பார்த்த ஒரு வயிறு சரித்திரத்தில் உண்டு. 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவில் ஹியூரான் ஏரியிலுள்ள மேக்கினா தீவில், தோல் வியாபாரக் கம்பெனியின் கடையில் ஒருவர் கையிலிருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. அருகில் நின்ற அலெக்சிஸ் சேன் மார்த்தான் என்ற பிரெஞ்சுக் கனடியப் படகுத் தொழிலாளியின் இடது விலாவுக்குக் கீழே குண்டுகள் பாய்ந்து இரைப்பையைத் துளைத்தன. பிழைக்க மாட்டான் என்றுதான் தீவிலிருந்த கோட்டையின் ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் நினைத்தார். பிழைத்தான். ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு தோலோடு ஒட்டி, வெளியிலிருந்து உள்ளே பார்க்கக்கூடிய வாசலாகவே நிலைத்துவிட்டது.

1825இல் போமான்ட் சோதனைகளைத் தொடங்கினார். ஆகஸ்ட் 1ஆம் தேதி நண்பகலில் மாட்டுக்கறி, பன்றிக்கொழுப்பு, பழைய ரொட்டி, பச்சை முட்டைக்கோஸ் என்று சிறு துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியே இறக்கினார். மணிக்கொரு தரம் இழுத்து, எது கரைந்தது எது கரையவில்லை என்று பார்த்தார். சாற்றை வெளியே எடுத்துக் குப்பியில் விட்டு, உடம்புச் சூட்டில் வைத்து, அங்கேயும் கறி கரைவதைக் காட்டினார். கோபம் வந்தால் செரிமானம் மாறுவதையும் எழுதி வைத்தார். மொத்தம் 238 சோதனைகள். 1833இல் புத்தகமாக வந்தது. செரிமான இயலுக்கு அது அடிக்கல். ஆனால் அந்தப் புத்தகத்தை நான் முழு மனதோடு கொண்டாடியதில்லை. எழுத்தறிவில்லாத, வேறு பிழைப்பில்லாத ஓர் ஏழையின் வயிறு அது. அந்த மருத்துவர் வீட்டில் விறகு பிளந்துகொண்டே இதற்கும் படுத்துக் கொடுத்தான். பலமுறை விட்டுவிட்டுப் போனான். ஆசை காட்டிக் கூப்பிட்டார்கள். 1880இல் அவன் இறந்தபோது, மருத்துவர்கள் இரைப்பையைக் கேட்டு வந்துவிடக்கூடாது என்று குடும்பத்தார் உடலை அழுக விட்டு, ஆழக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அவர்கள் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது.

போமான்ட் கண்டதில் நமக்கு வேண்டியது ஒன்று. வெறும் வயிற்றில் சாறு தேங்கி நிற்கவில்லை. சாப்பாடு உள்ளே போய்ச் சுவரைத் தொட்டதும்தான் சுவர் சிவந்து, துளித்துளியாகச் சாறு ஊறியது. பசித்திருக்கும்போதும் கொஞ்சம் அமிலம் ஊறத்தான் செய்கிறது, இரவில் சற்று கூடுதலாக, என்று பின்னால் அளந்து கண்டார்கள். பெரும் சுரப்பு என்னவோ சாப்பாட்டை நினைத்தாலும் மணத்தாலும் மென்றாலும் விழுங்கினாலும்தான். நாய்களை வைத்து இதை நரம்பு நரம்பாகக் காட்டிய ரஷ்யர் இவான் பாவ்லோவுக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது. பசியில் வயிறு கடகடவென்று சத்தம் போடுவது அமிலம் அரிக்கிற சத்தம் இல்லை. மிச்சம் மீதியை முன்னே தள்ளிச் சுத்தம் செய்யும் தசை அலை, ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கிளம்புகிறது. உள்ளே காற்றும் நீரும் உருளுகிற ஓசை அது. விரதம் இருப்பவர்கள் எல்லோருக்கும் புண் வந்துவிடுவதில்லை என்பதை அப்பாயியும் ஒப்புக்கொள்வார். ஏகாதசியும் கிருத்திகையும் ரமலானும் எத்தனை தலைமுறையாக நடக்கின்றன!

பிறகு ஏன் அத்தனை பேரும் பசியைச் சொல்கிறார்கள்? ஏனென்றால் அவர்கள் கண்ணால் பார்த்தது பொய்யில்லை. நம் பக்கத்தில் அல்சர் பெரும்பாலும் இரைப்பையிலேயே வருவதில்லை. அதைத் தாண்டி முன்சிறுகுடல் என்கிற டியோடினத்தின் முதல் பகுதியில் வருகிறது. அந்தப் புண் இருப்பவருக்குச் சாப்பிட்டதும் சுகமாக இருக்கும், சாப்பாடு அமிலத்தை உறிஞ்சிக்கொள்வதால். இரண்டு மூன்று மணி நேரத்தில் சாப்பாடு நகர்ந்துவிட, அமிலம் தனியாக வந்து புண்ணில் படும், எரியும். நடுராத்திரியில் எழுப்பிவிடும். அப்பாவுக்கு நடப்பதை நீ எழுதியிருப்பது அச்சு அசல் இதுவே. பசி புண்ணை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருக்கும் புண்ணைப் பசி காட்டிக்கொடுக்கிறது.

முன்சிறுகுடலுக்கு இரைப்பை அளவுக்குக் கனத்த சளிப்படலம் கிடையாது. அது நம்பியிருப்பது கணையத்தை. அமிலம் வந்து தொட்டவுடன் முன்சிறுகுடலின் சுவர் செக்ரிடின் என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது கணையத்தை எட்டி, பைகார்பனேட் நிறைந்த சாற்றைக் கொட்ட வைக்கிறது. 1902இல் லண்டனில் பெய்லிஸும் ஸ்டார்லிங்கும் இதைக் கண்டார்கள். முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஹார்மோன் இதுதான்.

கணையம் என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. உன் கேள்விக்கு மறுபக்கம் அங்கே இருக்கிறது. கணையத்தின் நொதிகள் பெப்சினைவிட வலியவை. டிரிப்சினோஜென் என்று உறங்கியபடி குழாயில் போய், குடலுக்குள் இறங்கிய பிறகே விழிக்க வேண்டும். பித்தக்கல் குழாயை அடைத்தாலோ, குடிப்பழக்கத்தாலோ, சில சமயம் அவை கணையத்துக்குள்ளேயே விழித்துவிடும். கணையம் தன்னைத்தானே செரிக்கத் தொடங்கும். 1896இல் ஹான்ஸ் கியாரி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எழுதினார். கடுமையான கணைய அழற்சியில் ஐ.சி.யூ.வில் கிடப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு, "வயிறு ஏன் தன்னையே தின்பதில்லை" என்பது விளையாட்டுக் கேள்வியாகத் தோன்றாது.

அல்சருக்குத் திரும்புவோம். நெய்யூருக்கு நீ போயிருக்க மாட்டாய். இன்று கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கிருந்த மிஷன் மருத்துவமனைக்கு ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தார். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறியவர். ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடி வரை போனவர். லண்டனில் பெரிய வேலை கிடைத்திருக்கும். முதல் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்த்தவர், அங்கே நின்ற நோயாளிக் கூட்டத்தை விட்டுப் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். அந்தக் கூட்டத்தில் முன்சிறுகுடல் புண்காரர்கள் ஏராளம். புண்ணால் குழாயே சுருங்கி, தின்றதெல்லாம் வாந்தியாகி, எலும்பும் தோலுமாக வந்தவர்கள். இரைப்பையைச் சிறுகுடலோடு நேரே இணைத்துத் தைத்து அமிலத்துக்கு மாற்றுவழி போட்டுக் கொடுப்பதுதான் அன்றைய வைத்தியம். அதில் அவர் கைதேர்ந்தவர். பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். புண் எதனால் வருகிறது என்று அந்தத் தலைமுறை உணவில்தான் தேடியது: அரிசி, மரவள்ளி, மிளகாய், புளி. தேடியதில் தப்பில்லை. நுண்ணோக்கியில் தேட வேண்டும் என்று பெரும்பாலோருக்குத் தோன்றாததற்குக் காரணம், அந்த அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்ற நம்பிக்கை.

நடுவில் மருந்துகள் வந்தன. ஜேம்ஸ் பிளாக்கின் குழு கண்ட சிமெடிடின் 1976இல் சந்தைக்கு வந்தது. அவருக்கு 1988இல் நோபல். பிறகு அமிலப் பம்பையே நேரடியாக அடைக்கும் ஒமிப்ரசோல், இன்று எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும் பாண்டாப்ரசோல். கத்தி ஓரளவு ஓய்வெடுத்தது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் புண் திரும்பியது. ஏன் திரும்புகிறது என்பதற்குப் பதில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிடைத்தது. ராபின் வாரன் என்ற நோயியல் மருத்துவர் 1979இலிருந்தே இரைப்பைத் துணுக்குகளில் சுருள்வடிவக் கிருமிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள். இரண்டு நாளில் ஒன்றும் முளைக்கவில்லை என்று ஒவ்வொரு தட்டும் குப்பைக்குப் போனது. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகளை எடுத்துப் போட ஆளில்லாமல் அவை கூடுதல் நாட்கள் இன்குபேட்டரில் கிடந்தன. முளைத்திருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி மெதுவாக வளரும் கிருமி, அவ்வளவுதான் விஷயம்.

புண்ணுக்குக் காரணம் இந்தக் கிருமிதான் என்றபோது யாரும் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் முதலில் தன் இரைப்பையில் எண்டோஸ்கோப்பி செய்து கிருமி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பிறகு அந்தக் கிருமி வளர்ந்த கரைசலைக் குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். மறுபடி குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பை வீங்கிச் சிவந்திருந்தது, கிருமியும் இருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல். மார்ஷலின் துணிச்சலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு வாரனின் பொறுமைதான் பெரிதாகத் தெரிகிறது. ஊரே இல்லை என்ற ஒன்றைத் தினமும் கண்ணாடிச் சில்லில் பார்த்து, இருக்கிறது என்று எழுதி வைத்தவர் அவர்.

அமிலத்தில் அது எப்படி வாழ்கிறது என்பது உன் முதல் கேள்விக்கே இன்னொரு பதில். யூரியாவை உடைத்து அம்மோனியா செய்யும் நொதி அதனிடம் நிறைய இருக்கிறது. அம்மோனியா சுற்றியுள்ள அமிலத்தை முறிக்கிறது. அந்த மறைவில் வாலை ஆட்டித் திருகிக்கொண்டு சளிப்படலத்துக்குள் இறங்கி, பி.எச். 7 இருக்கும் அந்த அடிப்பகுதியில் குடியேறிவிடுகிறது. இரைப்பை தனக்காகக் கட்டிய நிழலில் அது உட்கார்ந்திருக்கிறது. பெரும்பாலும் சிறுவயதிலேயே குடும்பத்துக்குள்ளிருந்து தொற்றுகிறது. உலகில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருந்தது என்பது பழைய கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் வராது. சிலருக்குப் புண். மிகச் சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய். அதனால் 1994லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது.

சீர் செய்யும் வேலையைத் தடுப்பவர் இன்னொருவரும் உண்டு, அவர் உன் வீட்டு அலமாரியிலேயே இருப்பார் என்று சந்தேகப்படுகிறேன். சளியும் பைகார்பனேட்டும் இரத்த ஓட்டமும் குறையாமல் பார்த்துக்கொள்ளும் உத்தரவு புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் மூலமாக வருகிறது. ஆஸ்பிரின் வகை மருந்துகள் வலியைக் குறைப்பது அதே புராஸ்டகிளாண்டினைத் தடுத்துத்தான் என்று ஜான் வேன் 1971இல் காட்டினார். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபென் எல்லாம் அந்தக் குடும்பமே. முதுகு வலியும் குறையும், வயிற்றின் காவலும் குறையும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் ஒன்றும் செய்யாது என்பதும், ஊசியாகப் போட்டால் வயிற்றுக்குக் கெடுதல் இல்லை என்பதும் தவறு. இரத்தம் வழியாகவே அது இரைப்பைச் சுவரை எட்டிவிடும். லாரி ஓட்டுகிறவருக்கு இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. மெடிக்கலில் "வலிக்கு ரெண்டு கொடுங்க" என்றால் சீட்டில்லாமல் எடுத்துக் கொடுக்கும் நம் ஊர்ப் பழக்கத்தின் மேல் எனக்கு மிளகாயின் மேல் இருப்பதைவிடக் கோபம் அதிகம்.

மிளகாயைப் பற்றிக் கேட்க மறந்துவிட்டாய். அது எரியும்; இருக்கிற புண்ணிலும் நெஞ்செரிச்சலிலும் இன்னும் எரியும். ஆனால் புண்ணை அது உண்டாக்குவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை. பால் சற்று நேரம் அணைக்கும், அதன் புரதமும் கால்சியமும் பிறகு அமிலத்தைத் தூண்டும், வைத்தியமாகாது. மணத்தக்காளிக் கீரையை அப்பாயி நிறுத்த வேண்டாம், நல்ல கீரை. கிருமியைக் கொல்லும் வேலையை மட்டும் அதனிடம் ஒப்படைக்க வேண்டாம். பீடி சிகரெட் புண் ஆறுவதைத் தள்ளிப்போடும். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லி அப்பாயி திட்டட்டும். அதனால் அப்பாவுக்கு எரிச்சலாவது குறையும்.

நான் வைத்தியம் பார்க்கிறவனில்லை, பாடம் நடத்தியவன். அதனால் அப்பாவை ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போ. கூட்டிப்போகும்போது, வலிக்கு என்னென்ன மாத்திரை எத்தனை காலமாகப் போடுகிறார் என்று அட்டைகளையே எடுத்துப் போ. கேட்டால் "எப்பவாச்சும் ஒண்ணு" என்றுதான் சொல்வார். ஹெச். பைலோரி இருக்கிறதா என்று பார்க்கலாமா என்று நீயே கேள். மூச்சை ஊதிச் செய்யும் சோதனை உண்டு, மலத்தில் பார்க்கும் சோதனை உண்டு, எண்டோஸ்கோப்பியில் துணுக்கெடுத்தும் பார்க்கலாம். பாண்டாப்ரசோல் போன்றவற்றைச் சாப்பிட்டுக்கொண்டே ஊதினால், கிருமி இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். இரண்டு வாரம் முன்னதாக நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்வார். இருந்தால் ஆன்டிபயாடிக்குகளைச் சேர்த்து பெரும்பாலும் 14 நாள் தருவார்கள். நாலு நாளில் எரிச்சல் போய்விட்டதே என்று லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார், விடாதே. முடித்த பிறகு ஒரு மாதம் கழித்து, கிருமி போனதா என்று திரும்பவும் சோதிக்க வேண்டும். இதயத்துக்காக யாராவது ஆஸ்பிரின் கொடுத்திருந்தால், அதைத் தானாக நிறுத்தக்கூடாது.

கடைசியாக ஒன்று, இதை அப்பாவிடமே படித்துக் காட்டு. மலம் தார் போலக் கருத்து ஒட்டினாலோ, வாந்தி காபித்தூள் நிறத்தில் வந்தாலோ, வயிறு திடீரென்று பலகை போல் இறுகி வலித்தாலோ, அது ஜெலுசில் குடித்துவிட்டுப் படுக்கிற விஷயமில்லை. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும், ஆனால் அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். லாரி எந்த ஊரில் நின்றாலும் சாவியை கிளீனரிடம் கொடுத்துவிட்டு, அந்த ஊர் அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே போகச் சொல். தமிழ்நாட்டுக்குள் என்றால் 108.

அன்புடன்,
உடலியங்கியல் கற்பித்த ஒருவன்